ஒன்பது தரம் போன தூதன்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்து நான்கு வயதில் நான் என்னைப் பெரிய மூளைசாலி என்று நம்பியிருந்தேன். மூன்று லொறி கோழிக்குஞ்சுகள் வந்து அந்த நம்பிக்கையை ஒரே காலையில் கலைத்துவிட்டுப் போயின.

போர் முடிந்து அடுத்த வருடம். கல்லடியில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், வாடகை வீட்டில் இயங்கிய ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. மீளக்குடியேறிய குடும்பங்களுக்குக் கோழி, ஆடு, தையல் இயந்திரம் என்று கொடுப்பார்கள். யாருக்கு என்ன கொடுத்தோம் என்று கணினியில் வைத்திருப்பது என் பொறுப்பு. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். நல்லபடி முடித்தால் வேலை நிரந்தரம். முடிக்காவிட்டால் கட்டார். அங்கே இருந்த மாமா எனக்கென்று ஒரு விசாவை எடுத்து வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் எடுப்பார்.

"அவன அனுப்புறியா, இல்லையா?"

"எண்ட புள்ள மத்தியானம் வீட்ட வந்து சோறு தின்னணும். அவ்வளவுதான் எனக்கு," என்பா அம்மா.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. சுனாமியில் எங்கள் வீடு போனது. அப்பா அன்று காலை குருக்கள்மடத்துக்குப் போயிருந்தார். இரண்டு நாள் அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் அம்மா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றா. அப்பாவோ, "நான் உசிரோட இருக்கன், கோயிலடியில நிக்கன்" என்று கண்ணில் பட்ட ஐந்து பேரிடம் சொல்லிவிட்டிருந்தார். முதல் மூன்று பேர் எங்களைக் கண்டுபிடிக்கவில்லை. நான்காவது ஆள் கண்டுபிடித்தார். அவர் முகம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. (ஐந்தாவது ஆள் அடுத்த வாரம் வந்து அதே சேதியைச் சொன்னார். பக்கத்தில் அப்பா உட்கார்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.)

எங்கள் பக்கத்தில் அந்தக் காலம் முழுக்க இதுதான் வழக்கம். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்த பெரியம்மாவுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால், அம்மா தயிர்க்காரரிடம் ஒரு தரம், பஸ் கொண்டக்டரிடம் ஒரு தரம், ஆஸ்பத்திரித் தாதியிடம் ஒரு தரம் சொல்லிவிடுவா. சோதனைச் சாவடியில் யார் மாட்டுவார்கள், யார் போய்ச் சேருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? மறுமொழி வரும்வரை சொல்லிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று பேரும் போய்ச் சேர்ந்தாலும் நட்டமில்லை, பெரியம்மா ஒரு தரம்தான் வருவா.

பெரியம்மாவுக்கு இருந்த புத்தி கணினிக்கும் இருக்கும் என்று நான் நினைத்ததுதான் இந்தக் கதை.

எங்கள் கணினி வெளியே உள்ள பல சேவைகளோடு இணையத்தில் பேச வேண்டியிருந்தது. மழை நிலவரம் கேட்க ஒரு சேவை, குறுஞ்செய்தி அனுப்ப ஒரு சேவை, பொருட்களுக்கு ஓர்டர் கொடுக்கக் கொழும்புத் தலைமையகத்தின் சேவை. எனக்கு முன்பு இருந்தவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிரல் எழுதி வைத்திருந்தார். ஒன்றைத் திருத்தினால் மற்றது உடையும். நான் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாச் சேவைகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு நிரல் எழுதினேன். எங்கே போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும், எந்த வடிவத்தில் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். அது போய்ச் சொல்லி, பதிலை வாங்கி வந்து கையில் தரும். நாளைக்குப் புதிதாக இன்னொரு சேவை வந்தாலும் ஒரு வரி மாற்றத் தேவையில்லை. அதற்குத் 'தூதன்' என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை, அவ்வளவு பெருமை.

அலுவலகத்தின் இணைய இணைப்பு ஒரு டொங்கிள். அதை ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டியிருந்தோம். காற்று அடித்தால் இணைப்புப் போகும், ஆள் நடந்தாலும் போகும். ஆகவே தூதனுக்கு அம்மாவின் முறையையே கற்றுக் கொடுத்தேன்: அரை நிமிடத்தில் மறுமொழி வராவிட்டால் திரும்பப் போ, வரும்வரை போ. மழை நிலவரம் கேட்கும்போது இது அருமையாக வேலை செய்தது. இன்று மழை வருமா என்று ஒன்பது தரம் கேட்டால் ஒன்பது மழையா பெய்துவிடும்?

"என்ன கொம்ப்யூட்டர் சேர், ஸ்கிரீனப் பாத்துச் சிரிச்சிட்டு இரிக்கீங்க?" என்று கேட்டா வசந்தி. வசந்தி எங்கள் கள உத்தியோகத்தர். ஊர் படுவான்கரை. என்னைச் 'சேர்' என்று கூப்பிடுவதில் மரியாதை ஒரு துளியும் இருக்காது.

"இது தூதன். விடாது. மறுமொழி வாங்காமத் திரும்பாது."

"ஆ... நல்லம் நல்லம்," என்று சொல்லிவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டா.

என் ஆறு மாதம் முடியும் வாரம், படுவான்கரைக் கிராமம் ஒன்றில் முப்பது குடும்பங்களுக்குக் குடும்பத்துக்குப் பத்தாக முன்னூறு குஞ்சுகள் கொடுக்க ஏற்பாடு. அதைப் பார்க்கவும், என் வேலையை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்யவும் கொழும்பிலிருந்து பணிப்பாளர் வருவதாக இருந்தது. தூதனை வைத்தே ஓர்டர் கொடுத்து அவரை அசத்திவிடுவது என்று தீர்மானித்தேன். பொத்தானை அழுத்தினேன். 'பதில் இல்லை, மீண்டும் முயல்கிறது' என்று வந்தது. டொங்கிளுக்குக் காற்று. எனக்குக் கவலையே இல்லை. கடைக்குப் போய் இரண்டு வடை தின்று தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். 'வெற்றி' என்று பச்சையில் எரிந்தது. தூதனின் திரையைத் தடவிக் கொடுத்தேன். (உண்மையாகத் தடவினேன். இதை வசந்தி கண்டுவிட்டா.)

குறித்த நாள் காலை லொறிச் சாரதி போன் எடுத்தார். சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாக வரும்.

"தம்பி, ஏறாவூர் தாண்டிட்டம். மூணு லொறியும் அங்கதானே வாறது?"

"மூணா?" என்றேன். லொறி இரைச்சலில் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அரை மணித்தியாலத்தில் பழைய கல்லடிப் பாலத்தை மூன்று லொறிகள் வரிசையாகக் கடந்து வந்தன. ஒற்றை வழிப் பாலம் அது. அந்தப் பக்கம் மறித்து வைக்கப்பட்ட வாகனங்கள் எல்லாம் கோர்ன் அடித்தன. பின்னால் ஒரு கார் ஊர்ந்து வந்தது. அதற்குள் பணிப்பாளர் இருந்தார்.

சாரதி இறங்கி என்னிடம் கடதாசிகளை நீட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பது. ஒவ்வொன்றும் முன்னூறு குஞ்சுகள். ஒவ்வொரு தரமும் தூதன் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறான். பதில்தான் திரும்பி வரவில்லை. ஒன்பது கிராமத்துக்கு ஒன்பது ஓர்டர் என்று பண்ணைக்காரர் மூன்று லொறி பிடித்துவிட்டார்கள்.

"திரும்பக் கொண்டு போங்க," என்றேன்.

"பேய்க் கதை. குஞ்சு பண்ணைய விட்டு வெளிய வந்தாத் திரும்ப எடுக்க மாட்டாங்க. நோய் வரும்," என்று சொல்லிக்கொண்டே அவர் பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்.

இரண்டாயிரத்து எழுநூறு குஞ்சுகள் ஒன்றாகக் கத்தினால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முன் கூடம் நிறைந்தது. கூட்ட அறை நிறைந்தது. குளியலறையில் பெட்டி அடுக்கியபோது ஒன்று சரிந்து, குஞ்சுகள் என் மேசைக்குக் கீழே ஓடின. ஒன்று விசைப்பலகையில் ஏறி நின்றது. பணிப்பாளர் வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே கால் வைக்க இடமில்லை.

"தம்பி, முன்னூறு என்றுதானே சொன்னீர்கள்?"

"ஓம் சேர். தூதன்... மறுமொழி வரல்ல எண்டு... திரும்பத் திரும்பப் போயிட்டான்."

"யார் அந்தத் தூதன்? அவரைக் கூப்பிடுங்கள்."

நான் கணினியைக் காட்டினேன். அதன் மேல் ஒரு குஞ்சு எச்சம் போட்டது. கட்டார் விமானத்தில் என் இருக்கை இலக்கம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலமும் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குஞ்சுப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

வசந்திதான் கையைத் தட்டிப் பணிப்பாளரைப் பார்த்துச் சொன்னா. "சேர், இந்த வருசத்துக்கு இன்னும் ஏழு கிராமத்துக்குக் குடுக்க லிஸ்ட் இரிக்கி. மாசம் ஒண்டாக் குடுக்க இருந்தது. இண்டைக்கே குடுப்பம். வெயில் ஏற முந்தி மண்முனைக்குப் போகணும்."

மண்முனையில் அப்போது பாலம் இல்லை. 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் வாவியைக் கடக்க வேண்டும். அன்று பகல் முழுக்க அந்தப் பாதை குஞ்சுகளையே ஏற்றியது. பணிப்பாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பெட்டி தூக்கினார். எட்டுக் கிராமத்திலும் ஆட்கள் வேலியடிக்கு ஓடி வந்தார்கள். பின்னால் ஒரு மாதத்தில் வரும் என்ற கோழி இப்போதே வந்ததில் அவர்களுக்கு ஒரே சிரிப்பு. ஒரு கிழவர் எனக்குக் கைலாகு தந்து, "நல்லா வேல செய்றீங்க மனே, கெதியாச் செய்றீங்க," என்றார். பணிப்பாளர் இருமினார்.

ஒன்பதாவது ஓர்டர் மிஞ்சியது. அதைக் கல்லடிச் சுனாமி வீட்டுத் திட்டத்தில் பகிர்ந்தோம். எங்கள் வீட்டுக்கும் பத்து வந்தது.

"மற்றப் புள்ளைகள் முதல் வேலைக்குப் போய்த் தாய்க்குச் சேல எடுத்துக் குடுப்பாங்க," என்றா அம்மா, குஞ்சுகளைப் பார்த்து. "மறுகா? வேல இரிக்கா, இல்லையா?"

இருந்தது. நிரந்தரமாகவில்லை, தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீண்டது. பணிப்பாளர் ஒரு நிபந்தனையும் போட்டார்: வாரத்துக்கு ஒரு தரம் நானும் வசந்தியோடு போய்க் கோழிகளை எண்ண வேண்டும். "கணினியில் இல்லை தம்பி, கண்ணால் எண்ண வேண்டும்," என்றார். மாமாவின் விசாவில் என் மச்சான் கட்டார் போனான்.

தூதனைத் திருத்தும் வழியையும் பாதையில் வைத்து வசந்திதான் சொன்னா. "எங்கட அம்மா ரெண்டாம் ஆளிட்டச் சொல்லி விடேக்க, 'முதல் ஆள் வந்திருந்தா இத விட்டிருங்க, அதே கதைதான்' எண்டும் சொல்லி விடுவா. உங்கட தூதனுக்கு அது சொல்லத் தெரியாதா?"

தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஓர்டருக்கும் ஒரு இலக்கம் கொடுத்தேன். அதே இலக்கம் இரண்டாம் முறை வந்தால் கொழும்புச் சேவை கணக்கில் எடுக்காது. தூதன் திருந்திவிட்டான். நான் கொஞ்சம் அதிகமாகத் திருந்திவிட்டேன் என்பது பிறகு தெரிந்தது.

கோழிகள் முட்டையிடத் தொடங்கிய மாதம், வசந்திக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். 'என்னைக் கலியாணம் முடிக்கச் சம்மதமா?' மறுமொழி இல்லை. திரும்ப அனுப்பக் கை போனது. ஒன்பது கடதாசிகளும் கண் முன்னால் வந்தன. கையை எடுத்துவிட்டேன். பதினொரு நாள் காத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் பாதையில் வைத்து அவவே கேட்டா.

"ஏன் முகம் செத்துப்போய் இரிக்கி? என்னட்ட ஏதும் கேக்க இரிக்கா?"

"கேட்டுட்டன்."

"எப்ப?"

"பதினொரு நாளைக்கு முந்தி. எஸ்.எம்.எஸ். போட்டன்."

"எனக்கு ஒண்டும் வந்து சேரல்ல." என்னைப் பார்த்தா. முகம் சிவந்தது. நான் என்ன கேட்டிருப்பேன் என்று அவவுக்கு விளங்கிவிட்டது. "திரும்பக் கேக்கத் தெரியாதா? கோழிக்கு ஒம்பது தரம், எனக்கு ஒருக்காவா?"

பாதையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே இரண்டாம் தரம் கேட்டேன். பாதை கரை தட்ட முதல் மறுமொழி வந்துவிட்டது.

எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்து நான் பெண் வீட்டுக்கு, படுவான்கரைக்குப் போனேன். "கட்டாருக்கு விடாம வச்சிருந்து வாவிக்கு அங்கால குடுத்துட்டன்," என்று அம்மா இன்றைக்கும் புலம்புவா. இப்போது மண்முனையில் பாலம் வந்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் அம்மாவின் சோறுதான்.

அந்தச் சோற்றைப் போட்டுக்கொண்டே வசந்தி, வந்திருப்பவர் யாராக இருந்தாலும், இந்தக் கதையைத் தொடங்கிவிடுவா. முடிவை எங்கள் மகள்தான் சொல்லுவாள்: "கோழிக்கு ஒம்பது தரம், அம்மாக்கு ஒருக்கா!" ஆகவே வீட்டில் நான் இப்போது எதையும் இரண்டு தரம் கேட்கிறேன். தேத்தண்ணி மட்டும் ஒன்பது தரம் கேட்டாலும் வருவதில்லை.