குதிரையை ஆற்றில் நிறுத்திய பயன்காரர்

என்னை நானே கட்டிப்பிடித்திருக்கிறேன். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால், இடுப்பில் கட்டிய சாரத்தோடு, ஐம்பது கடந்த வயதில். தனிமையை வெல்வது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகம் ஒன்றின் கட்டளை அது. கட்டிப்பிடித்தபடி உரத்துச் சொல்லவும் வேண்டுமாம். சொன்னேன்: "உனக்கு நான் இருக்கிறேன்."

மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: "அஃதாவது, வேறை ஒருத்தரும் இல்லை."

அதுதான் பக்கத்து வீட்டுப் பயன்காரர். ஒரு வசனத்தைத் தனியே நிற்கவிடாத மனிதர் இணுவிலில் மட்டுமல்ல, ஈரேழு உலகத்திலும் அவர் ஒருவர்தான்.

எங்கள் கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை இழுத்து வாசிப்பார், மற்றவர் பொருளை விரிப்பார். பயன் சொல்வது என்போம். இவர் ஒரு பாட்டுக்குப் பயன் சொல்லி முடிப்பதற்குள் விளக்கில் எண்ணெய் வற்றும். ஐயர் ஒரு தூக்கம் போட்டு எழும்புவார். பிறகு இவருக்கு வாசித்துக் கொடுத்தவர் கனடாவுக்குப் பிள்ளைகளிடம் போய்விட்டார். அன்று தொடக்கம் காதில் விழுந்ததற்கெல்லாம் பயன்தான்.

பஸ்ஸில் கொண்டக்டர் "முன்னுக்குப் போங்கோ" என்றார்.

"அஃதாவது, முன்னுக்கும் இடமில்லை. அது அவருக்கும் தெரியும். எண்டாலும் நம்பிக்கை தாறார்."

"ஐயா, நீங்கள் இறங்கிற இடம் போயிட்டுது" என்றார் கொண்டக்டர்.

என் மனைவி மகளின் பிரசவத்துக்கென்று லண்டனுக்குப் போனவர். இப்போது பேரன் பள்ளிக்கூடம் போகிறான். கண்ணாடிச் சம்பவத்தன்று பின்னேரம் பயன்காரர் தானாகவே வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "புத்தகத்தைக் கொண்டு வாரும் தம்பி. நீர் வாசியும், நான் சொல்லுறன்."

பாவம், வாசிக்க ஆளில்லாத மனிதர், உதவுவோம் என்று சம்மதித்தேன்.

"உங்கள் கவலையைப் பலூனாக எண்ணிப் பறக்கவிடுங்கள்" என்று வாசித்தேன்.

"அஃதாவது, அது பக்கத்து வளவுக்குள்ளை போய் விழும்."

அத்தோடு அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு, தலைக்கு வைத்துப் படுக்கக்கூடிய ஒரு சரித்திர நாவலை எடுத்தோம். முதல் அத்தியாயத்தில் இளவரசன் குதிரையோடு ஆற்றில் இறங்கினான். யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை. அதனால் அதற்குப் பயன் கூடுதலாகத் தேவைப்பட்டது. கிழமைக்கணக்காகக் குதிரை முழங்கால் தண்ணீரில் நின்றது.

"அண்ணை, குதிரைக்குத் தடிமன் பிடிச்சுத் தும்மப்போகுது."

"அஃதாவது, உமக்கு அவசரம்."

எனக்கு ஓர் அவசரமும் இல்லை. அதுதான் என் பிரச்சினை.

ஒருநாள், படை போன பிறகு அரசி தனியே சாப்பிட உட்காரும் இடம் வந்தது. பழக்கத்தில் இரண்டு இலை போட்டு, ஒன்றை எடுத்து மடித்து வைக்கிறாள். வாசித்துவிட்டுக் காத்திருந்தேன். அஃதாவதைக் காணோம்.

"பயன், அண்ணை?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வாசியும்" என்றார்.

பக்கங்கள் குறையக் குறைய என் வாசிப்பின் வேகமும் குறைந்தது. கடைசியில் பதிப்புரிமை எச்சரிக்கையைக்கூட ராகத்தோடு வாசித்தேன். அவரும் பயன் சொன்னார். இளவரசன் முடிசூடிக்கொண்டான். துக்கம் எனக்கு.

மறுநாள் பின்னேரம் கதிரைகளை வெளியே போட்டு வைத்தேன். அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மனிதர் வாசிக்க ஆளில்லாமல் வாடிப்போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கையில் கிடைத்த புத்தகத்தோடு போய் அவர் வீட்டுப் படலையைத் தட்டினேன். அவர் மனைவி வந்தார்.

"அவர் அச்சுவேலிக்குப் போயிட்டார் தம்பி. ஆரோ சிநேகிதரிட்டை இன்னும் தடிச்ச புத்தகம் ஒண்டு இருக்காம், அதை வாங்கிக்கொண்டு வரத்தான்."

"பாவம் அக்கா, நான் வாசிக்காட்டில் அவருக்குப் பொழுது போகாது போலை" என்றேன், பெருந்தன்மையாக.

"அவருக்கோ? நீங்கள் வாசிக்கிறதைக் காது குடுத்துக் கேக்கேலாதாம். எண்டாலும், பின்னேரத்திலை நீங்கள் தனிய இருக்கிறதைப் பாத்துக்கொண்டு தன்னாலை தேத்தண்ணி குடிக்கேலாதாம்."