ஊட்டுக்காரரும் ஊட்டிக்காரரும்

வியாழக்கிழமை என்றால் பல்லடத்தில் கோழித்தீவனம் வாங்க ஆள் வருவதில்லை. ஊரே மனக்கண் சுவாமிகளைப் பார்க்கப் போய்விடும். கோயமுத்தூர் ரோட்டில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் சுவாமிகள் எழுந்தருளியிருந்தார். கார் நிறுத்த இடமில்லை. செருப்பு விட இடமில்லை. தொண்டாமுத்தூர்த் தென்னந்தோப்புக்காரர்கள் வேன் பிடித்து வந்து, தோப்புக்குள் யானை வருவது எப்போது நிற்கும் என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்கள். யானையைக் கேட்டிருக்கலாம். ஆனால் யானை டோக்கன் கொடுப்பதில்லை.

மற்ற சாமியார்களிடம் நம் குறையை நாமே வாய்திறந்து சொல்லித் தொலைக்க வேண்டும். மனக்கண் சுவாமிகளிடம் அந்தச் சிரமம்கூடக் கிடையாது. போய் உட்கார்ந்தால் போதும். கண்ணை மூடுவார், தலைப்பாகையை ஒருமுறை காதோரம் சரிசெய்துகொள்வார், உங்கள் மனதில் இருப்பதை அப்படியே எடுத்து வைப்பார். பிறகு அதற்கான பரிகாரப் பெட்டியை வெளியே உள்ள கவுண்டரில் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. டோக்கன் வேண்டுமென்றால் வாசலில் தொங்கும் கியூஆர் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்து, 'மனக்கண் பிரவுசர்' என்பதை இறக்கிக்கொள்ள வேண்டும். டோக்கன் அதில்தான் வரும். இனிமேல் எதைத் தேடினாலும் அதில்தான் தேட வேண்டும், அப்போதுதான் அருள் தங்கும் என்பது சுவாமிகளின் உத்தரவு. முக்காலமும் உணர்ந்தவருக்கு எதற்கய்யா ஒரு பிரவுசர் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். வரிசையில் இடம் போய்விடுமே என்று யாரும் கேட்கவில்லை.

அந்த பிரவுசரின் முதல் பக்தர் தீவனக்கடை சுந்தரராஜுலு. நல்ல மனிதர். எடையில் ஏமாற்றமாட்டார், யார் ஏமாற்றினாலும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். பிரவுசரைத் திறந்தால் மணியோசை கேட்கும். காலையில் ராசிபலன், மதியம் கறிக்கோழி விலை, நடுவில் ராகுகாலம், எந்தத் திசையில் சூலம் என்று ஒரு எச்சரிக்கை. கண்ணாடி தேட வேண்டாம். மைக்கை அழுத்தி வாயால் சொன்னாலே தேடிக் கொடுக்கும். இத்தனையும் இலவசம். பதிலுக்கு அது கேட்டதெல்லாம் பெயர், நட்சத்திரம், போன் நம்பர், பிறகு மைக், போனில் உள்ள எல்லாருடைய நம்பர்கள், அவர் நிற்கும் இடம், அவர் தேடுவது முழுவதும். ஒவ்வொன்றுக்கும் 'சம்மதம்' என்று ஒரு பொத்தான் வந்தது. தன் கல்யாணத்தில்கூட சுந்தரராஜுலு இத்தனை தடவை சம்மதம் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டு ஜோஸ்லின் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அவளையும் கரையேற்றிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"ஏனுங்க டீச்சர், உங்க பிரவுசர்ல கோழி ரேட் வருதுங்களா?"

"வராதுங்கண்ணா. தேடிப் பார்த்துக்குவேன்."

"ராசிபலன்?"

"அதும் வராதுங்க."

"சூலம்?"

"வராதுங்க. சும்மா வெறும் பிரவுசர்தானுங்க."

"அப்பறம் என்ன எளவுக்குங்க அதை வெச்சிருக்கறீங்க?"

"நான் தேடறதை யாருகிட்டயும் போயிச் சொல்லாதுங்கண்ணா" என்றாள் ஜோஸ்லின். "வசதி வேண்டாம்னு சொல்லலீங்க. கோழி ரேட் சொல்றதுக்கு உங்க ஊர் தெரிஞ்சாப் போதும். உங்க மச்சினன் நம்பர் எதுக்குங்க? அது என்ன தருதுன்னு பார்த்தீங்க. என்ன கேக்குதுன்னு பார்த்தீங்களா?"

"நம்மகிட்ட ஒளிக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்று சுந்தரராஜுலு பெருமையாகச் சிரித்தார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்கள் வீட்டிலும் குளியலறைக்குக் கதவு இருப்பதை அவர் யோசிக்கவில்லை.

வினை ஒரு திங்கட்கிழமை வந்தது. மனைவி மானசாவின் தங்கை வெள்ளகோவிலில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்திருந்தாள். மானசா பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, சீர்த்தட்டைக் காரில் ஏற்றிவிட்டாள். அப்போது மணியோசை கேட்டது. கிழக்கே சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது. வெள்ளகோவில் கிழக்கே இருக்கிறது. சுந்தரராஜுலு சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வாய் தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று பழைய பஞ்சாங்கக்காரர்கள்கூடக் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள். பிரவுசருக்கு அந்த இரக்கமும் இல்லை.

மானசா சேலையை மாற்றினாள். பூவை எடுத்து வைத்தாள். அதோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள். சாப்பாடு வந்தது, காபி வந்தது, சொல் ஒன்று வரவில்லை. வீடு வீடாகவே இல்லை. சுந்தரராஜுலுவுக்குத் தாங்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? கடைக்குப் போய், கல்லாவில் உட்கார்ந்து, மைக்கை அழுத்தி, போனிடம் கேட்டார்: "ஊட்டுல சம்சாரம் பேசறதில்லை, என்னங்க பண்றது?" போனுக்கும் 'ங்க' போட்டுக் கேட்கிற மரியாதைக்காரர்.

அந்த வியாழன் மானசாவையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். சுவாமிகள் கண்ணை மூடினார். தலைப்பாகையைக் காதோரம் தொட்டார்.

"குளிர் தெரிகிறது. மலை தெரிகிறது. ஊட்டி! ஊட்டியில் உன் சம்சாரம் இருக்கிறாள். அவள் உன்னோடு பேசுவதில்லை. அதுதானே உன் மனக்கவலை?"

மண்டபமே சுந்தரராஜுலுவைத் திரும்பிப் பார்த்தது.

"சாமி, என்ற சம்சாரம் இங்கதானுங்க உக்காந்திருக்குது."

"நான் இங்கே இருப்பவளைச் சொல்லவில்லை" என்றார் சுவாமிகள் கருணையோடு.

நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி சுந்தரராஜுலுவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாமி வாக்குப் பொய்க்காதே, ஊட்டியில் ஒரு சம்சாரம் இருந்து நமக்குத்தான் மறந்துபோயிற்றோ என்று நினைவைத் துழாவினார். மேட்டுப்பாளையம் தாண்டி இரண்டு வளைவு ஏறினாலே வாந்தி எடுக்கிற மனிதர்! அவர் துழாவி முடிப்பதற்குள் மானசா எழுந்து போய்விட்டாள். அன்று மாலையே பெட்டியோடு வெள்ளகோவில் பஸ் ஏறினாள்.

மறுநாள் அவர் ஜோஸ்லின் வீட்டு வாசலில் போய் நின்றார். முகம் வாடிப்போயிருந்தது.

"டீச்சர், நான் அப்படிப்பட்டவனுங்களா?"

"இல்லீங்கண்ணா. எனக்குத் தெரியும். சாமி எதை வெச்சு ஊட்டின்னாரு? நீங்க அதுல என்ன கேட்டீங்க?"

"நான் ஊட்டியப் பத்தி ஒண்ணுமே கேக்கலீங்க. ஊட்டுல சம்சாரம் பேசறதில்லைன்னுதான் கேட்டேன்."

ஜோஸ்லின் அவர் கையிலிருந்த போனைக் காட்டினாள். "அதே மாதிரி இன்னொருக்கா அதுகிட்டச் சொல்லுங்க."

அவர் மைக்கை அழுத்திச் சொன்னார். மணியோசை கேட்டது. திரையில் எழுத்து விழுந்தது: 'ஊட்டில சம்சாரம் பேசறதில்லை.'

நம் ஊரில் வீட்டை ஊடு என்கிறோம். 'வ' எங்கே போயிற்று என்று நாமும் தேடியதில்லை, நம்மோடு பேசுகிறவர்களும் கேட்டதில்லை. ஆனால் போனுக்குப் பல்லடத்து வழக்கு தெரியாது. அதற்குத் தெரிந்தது ஊட்டி.

"தெய்வம் காட்டியிருந்தா உங்க ஊட்டைத்தானுங்க காட்டியிருக்கணும்? போன் பண்ணின தப்பை சாமியும் அப்படியே பண்ணியிருக்கறாரு" என்றாள் ஜோஸ்லின்.

சுந்தரராஜுலுவுக்கு அப்போதுதான் பக்கத்துக் கடை அனீஸ் ஞாபகம் வந்தது. வீட்டு வேலை பாதியில் நிற்கிறதே என்று கவலையோடு போனவர் அனீஸ். ஊட்டியில் வேலை தடைபட்டிருக்கிறது என்று சுவாமிகள் அவருக்கு அருளினார். அனீஸ் இரண்டு நாள் மூளையைக் கசக்கினார். கடைசியில் ஜன்னல் மரம் ஊட்டிப் பக்கத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்று தானே முடிவு செய்து, சாமி சாதாரணப்பட்டவர் இல்லை என்று ஊரெல்லாம் சொன்னார். பொய் சொல்கிறவன் அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டிய வேலையே இல்லை. நாமே ஓடிப்போய்க் கொடுத்துவிடுகிறோம்.

ஜோஸ்லின் வெள்ளகோவிலுக்குப் போன் செய்தாள். மானசா கோபக்காரிதான், ஆனால் யோசிக்கத் தெரிந்தவள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வாரேன். நானே சோதிச்சுப் பார்க்கறேன். சாமி சொன்னது நெசமுன்னா நான் இங்கயே இருந்துக்கறேன்னு அவருகிட்டச் சொல்லிப்போடுங்க."

அடுத்த வியாழன் சுந்தரராஜுலு மண்டபத்தின் கடைசித் தூணோரம் நின்றார். ஜோஸ்லின் சொன்னபடியே மானசா வாசலில் ஸ்கேன் செய்து, கேட்டதற்கெல்லாம் சம்மதம் கொடுத்து, டோக்கன் வாங்கினாள். பிறகு பெண்கள் வரிசையில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனிடம் சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரர் நெனப்பாவே இருக்குது. அவர் கோவம் எப்பத் தீரும்?"

முன்னால் நின்ற ஜெயக்கொடி அக்கா திரும்பிப் பார்த்தார். உடுமலை ரோட்டில் மெஸ் வைத்திருப்பவர். ஒரு பந்திக்கே கேட்கிற குரல்.

"ஏனம்மணி, ஊட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டாரா? எங்க ஊட்டுக்காரரும் அப்படித்தான். வெங்காயம் கம்மின்னாக் கோவம், ஜாஸ்தின்னாக் கோவம்."

டோக்கன் கூப்பிட்டார்கள். மானசா போய் உட்கார்ந்தாள். போன வாரத்துப் பெண் என்று சுவாமிகளுக்கு அடையாளம்கூடத் தெரியவில்லை. மனக்கண் திறந்திருக்கும்போது முகத்தில் உள்ள கண்ணுக்கு வேலை இல்லை போலிருக்கிறது. தலைப்பாகையைத் தொட்டார். புருவத்தைச் சுருக்கினார்.

"தாயே, சபையில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது."

"சும்மா சொல்லுங்க சாமி."

"உன் நினைவு முழுவதும் ஓர் ஊட்டிக்காரர் இருக்கிறார். அவர் கோபத்தில் இருக்கிறார். இந்த உறவு உன் குடும்பத்துக்கு ஆகாது. பரிகாரம் உண்டு."

ஜெயக்கொடி அக்கா எழுந்து நின்றார்.

"சாமி! அந்தப் புள்ள கேட்டது அவிய ஊட்டுக்காரரைங்க! கட்டின புருசனை! நான் பக்கத்துல நின்னு என்ற காதால கேட்டேன்!"

முதலில் பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அது ஆண்கள் பக்கம் போய், வேன்காரர்களைப் பிடித்துக்கொண்டது. ஊட்டுக்காரர் இல்லாத பெண் அந்தப் பக்கம் எத்தனை பேர் இருப்பார்கள்? அத்தனை பேருக்கும் ஒரே மூச்சில் ஊட்டியில் ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டார் சுவாமிகள். "அப்ப என்ற ஊட்டு வேலை?" என்று அனீஸ் தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினார்.

ஜோஸ்லின் மேடைக்குப் போய் எதிரே உட்கார்ந்தாள். "சாமி, என்ற மனசுல என்ன இருக்குதுங்க?"

சுவாமிகள் தலைப்பாகையைத் தொட்டார். இன்னொரு முறை தொட்டார். "உன் மனம் இருள் மூடிக் கிடக்கிறது பெண்ணே."

"இருள் எல்லாம் இல்லீங்க. என்ற போன்ல உங்க பிரவுசர் இல்லீங்க, அவ்வளவுதான்." கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இவர் நம்ம மனசைப் படிக்கலீங்க. நாம போன்ல கேட்டதைப் படிச்சாரு. அதையும் தப்பாப் படிச்சாரு."

சுவாமிகள் எழுந்தார். அவசரத்தில் தலைப்பாகை வேட்டியில் மாட்டி அவிழ்ந்தது. காதிலிருந்து கறுப்பாக ஒரு சின்னக் கருவி கழன்று தரையில் விழுந்தது. மண்டபத்தில் எல்லாரும் வாயடைத்துப்போன அந்த நேரத்தில், அதிலிருந்து ஒரு பையன் குரல் கொசு மாதிரிக் கேட்டது: "அண்ணே, அடுத்த டோக்கன், தோப்புல யானை. அண்ணே, கேக்குதா?"

அண்ணன் சமையற்கட்டு வழியாக மறைந்தார். பரிகாரப் பெட்டிக் கவுண்டரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஆளாளுக்குப் போனை எடுத்து மனக்கண்ணை அழித்தார்கள். அதிலும் ஒருவர் மட்டும் ஜோஸ்லினிடம் வந்து, "ஏனுங்க டீச்சர், கோழி ரேட்டை மட்டும் வெச்சுக்க முடியாதுங்களா?" என்று கேட்டார்.

"அது எதைக் கேட்டு வாங்கிக்குதுன்னு பார்த்துட்டு, குடுக்கலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள் அவள்.

காரில் மானசா முன்சீட்டில் உட்கார்ந்தாள். சுந்தரராஜுலுவுக்கு உயிர் வந்தது. வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"அம்மணி, எம்மேல என்ன கோவம்? ஏன் பேசாம இருந்தே?"

மானசாவின் கண் நிறைந்துவிட்டது.

"தங்கச்சி ஊட்டு வாசல்ல எனக்காகக் காத்துக்கிட்டு நின்னாளுங்க. அதுக்குத்தான். இந்தக் கேள்விய போனுகிட்டக் கேட்டீங்க, சாமிகிட்டக் கேட்டீங்க. நான் அடுப்படியிலதான இருந்தேன்? ஒரு எட்டு வந்து என்னைக் கேட்டீங்களா?"

சுந்தரராஜுலு சாவியைத் திருகினார். வண்டியைக் கிழக்கே திருப்பினார். அன்று எந்தத் திசையில் சூலம் என்று அவருக்குத் தெரியாது.

மகாஜனங்களே, உங்கள் மனதில் இருப்பதை ஒருவன் உங்களுக்கே எடுத்துச் சொன்னால், தாராளமாக வியந்துகொள்ளுங்கள். காலில் விழுவதற்கு முன்னால் மட்டும், இதை இவனுக்கு யார் சொன்னது என்று ஒருமுறை யோசியுங்கள். பெரும்பாலும் அந்த ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.