தலைமை எழுத்தரின் தொண்டை

மனித உடம்பில் மூளை, இதயம், ஈரல் என்று பல உறுப்புகள் இருப்பதாக மருத்துவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அவை எல்லாமே தொண்டை என்கிற ஒரே ஓர் உறுப்புக்கு எடுபிடி வேலை பார்க்கப் படைக்கப்பட்டவை என்ற பேருண்மையை உலகுக்கு வாழ்ந்து காட்டியவர், ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், கோப்பு அலமாரிக்கும் திறக்க வராத ஜன்னலுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த தலைமை எழுத்தர்தான்.

ஐம்பதை நெருங்கும் வரை அவருக்குத் தன் தொண்டையின் அருமை தெரியாது. சோறு இறங்குகிற வழி என்றுதான் நினைத்திருந்தார். குளிக்கும்போது பாடுவார், அதுவும் தண்ணீர்ச் சத்தம் நின்றால் தானும் நின்றுவிடுவார். நிலைமையை மாற்றியது ஆண்டு விழா.

நிறுவனத் தலைவர் விழாவுக்கு வருகிறார், அவருக்குப் பாட்டென்றால் உயிர் என்று மேலாளருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. உடனே கூட்டம் போட்டார். லிஃப்ட் கயிறு தேய்ந்துவிட்டது என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைக்காத கூட்டம், அரை மணி நேரத்தில் கூடியது.

"தனிப்பாட்டு ஒண்ணு வேணும். யார் பாடுறீங்க?" என்றார் மேலாளர்.

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். தலைமை எழுத்தரும் மேசையைத்தான் பார்த்தார். ஆனால் பார்த்துக்கொண்டே லேசாக ஏதோ ஒரு ராகத்தை முனகினார். பழைய வழக்கம். மேலாளர் அதை விண்ணப்பமாக ஏற்றுக்கொண்டார்.

மறுநாளே ஒரு குரல் பயிற்சியாளர் நியமிக்கப்பட்டார். கழுத்தில் எப்போதும் கம்பளித் துண்டு. பேசினால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. பாடுவாரா என்று யாரோ கேட்டதற்கு, "இந்தக் குரலை வச்சுக்கிட்டுப் பாடி வீணாக்குவாங்களா?" என்று காதோடு சொன்னாராம். அந்த ஒரு பதிலிலேயே தலைமை எழுத்தர் சிஷ்யராகிவிட்டார்.

தடைகள் வரிசையாக வந்தன. டீ கூடாது. ஐஸ் கூடாது. மிளகாய், தூசி, கோபம், வாய்விட்ட சிரிப்பு நான்கும் கூடவே கூடாது. காலையில் தலைமேல் துண்டைப் போட்டு ஆவி பிடிக்க வேண்டும். பத்து மணிக்கு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டுக் 'குமிழிப் பயிற்சி'. பதினொன்றுக்கு 'உதடு அதிர்வு': இரண்டு உதட்டையும் தளர்த்தி, மூச்சை விட்டு, ப்ர்ர்ர் என்று ஒலி எழுப்பிக் கீழ் சுரத்திலிருந்து மேல் சுரத்துக்கு ஏற வேண்டும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து பேச்சு அறவே கூடாது. ப்ர்ர்ர் மட்டும் அனுமதி. மேலாளர் இதையெல்லாம் 'குரல் பாதுகாப்புச் சுற்றறிக்கை' என்று தட்டச்சு செய்து, தீயணைப்புக் கருவி மாட்டியிருந்த ஆணியிலேயே மாட்டினார். கருவியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்கள்.

தலைமை எழுத்தர் கழுத்தில் ஒரு சின்னச் சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டார். வீட்டிலும் அதே. சாப்பிடும்போது 'உப்பு குறைவு' என்று எழுதிக் காட்டினார்.

"இருபது வருஷத்துல முதல் தடவையா சத்தம் போடாம குறை சொல்றீங்க," என்றார் மனைவி. "இந்தப் பயிற்சியாளரைக் கல்யாணத்துக்கு முன்னாடியே பார்த்திருக்கலாம்."

'கிண்டலா?' என்று எழுதினார்.

"சத்தியமா இல்ல. வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? விழா முடிஞ்சாலும் விட்டுடாதீங்க."

இப்படி ஒரு தொண்டை உருவாகிக்கொண்டிருந்த அதே அறையில், தொண்டையைப் பாழாக்குவதையே தொழிலாக வைத்திருந்த ஒருவரும் இருந்தார் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அவர் தொலைபேசி அக்கா. வயதில் பெரியவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், அக்காவின் மேசையில் மணி அடிக்கும். அக்கா மெக்கானிக்கை அனுப்புவார். அது ஒரு நிமிட வேலை. மெக்கானிக் போய்ச் சேரும் வரை மாட்டிக்கொண்டவர்களோடு அக்கா பேசிக்கொண்டே இருப்பார். அதுதான் பெரிய வேலை.

"பயப்படாதீங்க. கயிறு ஒண்ணு இல்ல, நாலு இருக்கு. காத்து வர ஓட்டை மேல இருக்கு, நிமிர்ந்து பாருங்க. பார்த்தீங்களா? சரி, காலையில என்ன சாப்பிட்டீங்க?" இப்படியே போகும். ஒருமுறை ஓர் ஆளை நாற்பது நிமிடம் அவருடைய மாமியாரைப் பற்றிப் பேச வைத்தார். கதவு திறந்ததும் அந்த மனிதர், "அதுக்குள்ள வந்துட்டீங்களே, இன்னும் பாதிகூடச் சொல்லலையே," என்று மெக்கானிக்கிடம் கோபித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் இப்படிப் பேசிப் பேசி அக்காவின் குரல் கட்டிப்போய்க் கரகரத்தது. முதல் நாள் அதைக் கேட்ட பயிற்சியாளர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அக்கா அப்போது டீ வேறு குடித்துக்கொண்டிருந்தார்.

மதியம் கால் மணி நேரம் அக்கா சாப்பிடப் போவார். அந்த நேரம் போனைப் பார்த்துக்கொள்வது தலைமை எழுத்தர். பதினோரு வருடப் பழக்கம்; எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. "சார், போன்," என்பார் அக்கா. இவர் தலையசைப்பார். அவ்வளவுதான்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, அந்தக் கால் மணி நேரத்துக்குள் மணி அடித்தது.

ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட். உள்ளே ஒரு பல் மருத்துவர். கூடவே, பல் பிடுங்க ஊசி போட்டுப் பாதி வாய் மரத்துப்போன ஒரு நோயாளி. எக்ஸ்ரே எடுக்க மேலே கூட்டிப் போகும் வழியில் லிஃப்ட் நின்றுவிட்டது.

"ஹலோ, நாங்க நடுவுல மாட்டிக்கிட்டோம். லைட்டும் போயிடுச்சு," என்று மருத்துவர் பதறிக் கட்டடத்தின் விலாசத்தைச் சொன்னார்.

தலைமை எழுத்தர் கடமை தவறாதவர். விலாசத்தைச் சிலேட்டில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் எழுதிக்கொண்டார். ஆனால் மறுமுனையில் பயந்துபோன இரண்டு பேர். ஒன்றும் சொல்லாமல் வைப்பது மனிதத்தன்மையா? அனுமதிக்கப்பட்ட ஒரே ஒலியால் ஆறுதல் சொன்னார்.

"ப்ர்ர்ர்ர்."

"ஹலோ? யாரு?"

"ப்ர்ர்ர்ர்ர்ர்," என்று இந்த முறை கீழிருந்து மேலே ஏறி, மெதுவாக இறங்கினார். அன்று மேல் சுரம் சுத்தமாக விழுந்தது.

"ஐயா, அங்க மனுஷங்க யாராவது இருக்கீங்களா?"

நிறைவான மனத்தோடு போனை வைத்தார். சிலேட்டை மெக்கானிக் அறைக்கு எடுத்துப்போகும் வழியில், பயிற்சியாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "காலையிலேருந்து என்ன குடிச்சீங்க?" என்று காதில் கேட்டார். குருவைக் காக்க வைக்கலாமா? தலைமை எழுத்தர் சிலேட்டைத் துடைத்துவிட்டு 'வெந்நீர், இரண்டு டம்ளர்' என்று எழுதிக் காட்டினார். பயிற்சியாளர் முதுகில் தட்டிக் கொடுத்துக் குமிழிப் பயிற்சிக்கு உட்கார வைத்தார். அக்கா திரும்பி வந்து, "போன் ஏதாவது வந்துச்சா சார்?" என்றபோது, ஸ்ட்ராவை எடுக்க முடியாத கட்டம். இப்போது தொந்தரவு செய்யாதே என்று கையை ஆட்டினார். அக்கா அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

மருத்துவருக்கு அந்தப் பொத்தானை இன்னொரு முறை அழுத்தத் தைரியம் வரவில்லை. கைப்பேசிக்கு உள்ளே சிக்னல் இல்லை. இரண்டரை மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். ஊசியின் வேகம் இறங்கி, மரத்த பாதி வாய் திரும்பி வந்தபோது நோயாளி போட்ட அலறல்தான் இருவரையும் காப்பாற்றியது. முறையான பயிற்சி இல்லாத அலறல். ஆனாலும் ஏழு மாடிக்கும் கேட்டது.

புகார் எழுத்தில் வந்தது. 'தங்கள் அவசரத் தொலைபேசியை ஒரு குதிரை எடுத்தது. நாங்கள் பேசப் பேச அது கனைத்துவிட்டு வைத்துவிட்டது.'

விழாவுக்கு முதல் நாள் விசாரணைக் கூட்டம். மேலாளர் புகாரை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் கேள்வி. நம்ம ஆபீஸ்ல குதிரை இருக்கா?"

யாருக்கும் தெரிந்து இல்லை. 'குதிரை இல்லை' என்று பதிவானது.

"அப்ப போன் யாரோடது?"

"என்னோடது சார்," என்றார் அக்கா. "ஆனா அது நான் சாப்பிடப் போற நேரம். ஹெட் கிளார்க் சார்தான் பார்த்துக்கிட்டார். தினமும் அப்படித்தானே. அவரையே கேளுங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின.  தலைமை எழுத்தர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அதில் கோபமே இல்லை. இவர் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கைதான் இருந்தது. அதுதான் அவரை அதிகமாக உறுத்தியது. சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இதை அவருக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் சொன்னால் நாளைக்கு மேடையில் யார்? இருந்தும் அவர் கை சிலேட்டை நோக்கிப் போனது.

பயிற்சியாளர் பாய்ந்து வந்தார். "சாக்பீஸ் தூள்! நாளைக்குப் பாட்டு!"

"சரி, பேனாவால எழுதட்டும்," என்றார் அக்கா.

"எழுதினா தோள் இறுகும். தோள் இறுகினா மேல் சுரம் போச்சு."

"தலையையாவது ஆட்டச் சொல்லுங்களேன்."

"கழுத்துத் தசைங்கம்மா! என்ன பேசுறீங்க?"

அக்காவின் கண் கலங்கிவிட்டது. "கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தா போதும் சார். எடுத்தது நீங்கதான்னு நான் புரிஞ்சுக்கிறேன்."

தலைமை எழுத்தர் கண்ணை மூடினார். கூட்டம் முடியும் வரை திறக்கவில்லை.

'தலைமை எழுத்தர் ஒப்புதலோ மறுப்போ தெரிவிக்கவில்லை. எனவே அவருக்கு இதில் சம்பந்தமில்லை என்று ஏகமனதாகக் கருதப்பட்டது' என்று மேலாளர் எழுதினார். விழா முடிந்ததும் அக்கா அடித்தளத்தில் இருக்கும் உதிரிப் பாகக் கிடங்குக்குப் போக வேண்டும். அங்கே கப்பியும் கயிறும்தான். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. தொண்டைக்கு ரொம்ப நல்லது என்று பயிற்சியாளர் சொன்னார்.

விழாவில் தலைமை எழுத்தர் பாடினார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அருமையாகப் பாடினார். மேல் சுரத்தில் ஒரு பிசிறு இல்லை. நிறுவனத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். "இந்தக் குரலை வீணாக்கக் கூடாது," என்று மேலாளரிடம் சொன்னார். "இதை ரெக்கார்டு பண்ணி அவசர லைன்ல போட்டுடுங்க. மாட்டிக்கிறவங்க இதைக் கேட்டுக்கிட்டு இருக்கட்டும். போன்ல ஆளே வேண்டாம்."

மைக்கைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒரு வாரம் அடைத்துவைத்த பேச்சு. தலைமை எழுத்தர் ஆறு நிமிடம் பேசினார். தலைவருக்கு நன்றி, மேலாளருக்கு நன்றி, பயிற்சியாளருக்கு மூன்று முறை நன்றி, ஆவிக்கு நன்றி, வெந்நீருக்கு நன்றி. முன்வரிசையிலிருந்த மனைவிக்கும் போகிற போக்கில் ஒரு நன்றி.

கடைசி வரிசையில் அக்கா எழுந்தார்.

"சார், தொண்டை சரியாயிடுச்சு இல்ல? அன்னைக்குப் போனை எடுத்தது யாருன்னு இப்பச் சொல்லிடுங்க. ஒரே ஒரு வார்த்தை."

மைக் இல்லாமலே முன்வரிசை வரை கேட்டது. கடைசி வார்த்தையில் அக்காவின் குரல் உடைந்தது. மேடையில் தலைமை எழுத்தர் வாயைத் திறந்தார். மைக் கையில்தான் இருந்தது. மெல்ல மூடிக்கொண்டு, வலது கையைத் தொண்டைமேல் வைத்து, பணிவாகக் குனிந்தார்.

"பாடி முடிச்ச தொண்டைக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் ஓய்வு," என்று பயிற்சியாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். "அந்தம்மா கத்தின மாதிரி யாரும் கத்தாதீங்க. குரல் என்னத்துக்கு ஆகும்?"

அரங்கம் கைதட்டியது. அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தலைமை எழுத்தரின் மனைவி மட்டும் திரும்பி உட்கார்ந்து, அக்கா கதவு வரை நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை தலைமை எழுத்தர் சமையலறைக்கு ஒரு டார்ச்சோடு வந்தார். வாயை அகலத் திறந்து, உள்ளே பார்க்கச் சொல்லிச் சைகை காட்டினார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு டார்ச்சை வாங்கிக்கொண்டார். நாக்கைக் கரண்டிக் காம்பால் அழுத்தி, நிதானமாக, இடது வலது எல்லாம் பார்த்தார்.

"சிவந்திருக்கா?" என்றார் தலைமை எழுத்தர், பயிற்சியாளரைப் போலவே காதோடு.

"இல்ல."

"வீக்கம்?"

"அதுவும் இல்ல. பளபளன்னு இருக்கு," என்று மனைவி டார்ச்சை அணைத்தார். "உண்மை ஒண்ணு அந்த வழியா வந்திருந்தா கொஞ்சமாவது கீறியிருக்கும்."