என் ஜனாஸாவுக்கு ஓடிவந்த மைத்துனருக்கு

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்புள்ள (வழக்கத்துக்காக எழுதுகிறேன்) மைத்துனர் ஷபீர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். செந்தூலில் நீங்களும் ருமானாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நான் நலம். இந்த வாரம் இதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிய வேண்டியதாகிவிட்டதால் உங்களுக்கும் எழுத்தில் தருகிறேன்.

வாய்மூடி இருந்த காலம் போதும். அஃப்ரின் கல்யாணத்தில் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "மச்சான் செஞ்ச சாப்ட்வேரா? பிரிச்சுப் பார்த்தா பாதி என்னோடதுதான் லா" என்றீர்கள். சங்கத் தலைவர் ஷாஹுல் ஹமீது வாயில் எலும்போடு சிரித்தார். நம் மரண சகாயச் சங்கத்துக்காக நான் எழுதிய மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்தது. ஓர் உறுப்பினர் மௌத்தானால் பட்டியலைப் படித்து எல்லாருடைய போனுக்கும் ஜனாஸா அறிவிப்பு அனுப்பும். பட்டியலைப் படிக்கிற அந்தச் சின்னத் துண்டு நிரல் மட்டும் உங்களுடையது. நீங்களும் அதை ஊருக்கே திறந்து வைத்திருந்தீர்கள். நான் எடுத்து என் மென்பொருளுக்குள்ளேயே ஒரு போல்டரில் சேர்த்துக் கொடுத்தேன். எடுத்தவனைச் சஹனில் வைத்துச் சொல்லிக்காட்டலாம் என்று உங்கள் உரிமத்தில் எந்த வரியில் எழுதியிருக்கிறது?

அன்றிலிருந்து உங்களோடு பேச்சும் இல்லை, அந்த போல்டரை நான் தொடவும் இல்லை. நீங்கள் புதிய வெர்ஷன்கள் விட்டுக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் அக்கா மஹ்ஜபீன் காபி வைக்கும்போதெல்லாம், "தம்பி புதுசு விட்டிருக்கானாம், பழசுல ஏதோ கோளாறாம், மாத்திக்கச் சொன்னான்" என்பாள். "ஓடுறத எதுக்கு நோண்டணும்?" என்பேன். உண்மைக் காரணம் வேறு. இன்னாருடைய மகன், மகள் என்று 'பின்', 'பிந்தி' எல்லாம் சேர்ந்து நீளுகிற நம் ஆட்களின் பெயர்களை உங்கள் நிரல் பாதியில் வெட்டியது. அதை நானே உள்ளே புகுந்து மூன்று வரியில் சரிசெய்திருந்தேன். புதியதைப் போட்டால் என் மூன்று வரியும் போய்விடும். போகாமலிருக்க வேண்டுமானால், "இதையும் உங்களுடையதில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று நான் உங்களிடம் பேச வேண்டும். அதற்குப் பழசே மேல் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பண்டமாரான் முத்து பீவி வஃபாத்தானார். செயலாளர் என்ற முறையில் பதிவு செய்து பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். அந்தக் கிழவிக்கு ஏது மின்னஞ்சல்? அந்தக் கட்டம் காலி. கட்டம் காலியாக இருந்தால் உங்கள் பழைய நிரல் வழுக்கி அடுத்த வரிக்குப் போய்விடுமாம். இதுவரை மௌத்தானவர்கள் எல்லாரும் மின்னஞ்சல் வைத்திருந்த புண்ணியவான்கள், அதனால் தெரியவில்லை. அடுத்த வரியில் இருந்தது நான். "நமது செயலாளர் கிஃபாயத்துல்லா வஃபாத்தாகிவிட்டார், ஜனாஸா அவரது இல்லத்தில்" என்று எல்லாருக்கும் போய்விட்டது.

முதலில் வந்தவர்கள் வாசலில் நின்று, "குளிப்பாட்டியாச்சாம்மா?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார்கள். போனைப் பார்க்காத உங்கள் அக்கா, "அவரே குளிச்சிக்கிட்டிருக்காரு, உக்காருங்க" என்றிருக்கிறாள். நான் கைலியோடு வெளியே வந்தால் ஹால் நிறைய ஆள். மையித்துக்காக யாசீன் ஓத ஆரம்பித்திருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் கிதாபை மூடிவிட்டார்.

"செயலாளரே, நீங்க மௌத்துன்னு மெசேஜ் வந்துச்சே!" என்றார் ஷாஹுல் ஹமீது.

"நான் அனுப்புனதுதான்."

"நீங்களே அனுப்புனா நாங்க எப்படி நம்பாம இருக்கிறது?"

அப்போதுதான் நீ வந்தாய். காலில் ஒன்று உன் செருப்பு, இன்னொன்று ருமானாவுடையது. "பேசாமலே போயிட்டீங்களே மச்சான்"னு வாசல்படியிலேயே உக்காந்து அழுதே. தோளைத் தொட்டேன். நிமிர்ந்து பார்த்தே, ரெண்டு கையாலயும் என் மூஞ்சியத் தடவிப் பார்த்தே, கட்டிப்பிடிச்சே. நானும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள, கண்ணக்கூடத் துடைக்காம, அத்தன பேரு முன்னாடியும் கேட்டியேப்பா, "மச்சான், எந்த வெர்ஷன் ஓடுது?"ன்னு! ஷாஹுல் ஹமீது மறுபடியும் சிரிச்சாரு. வாயை மூடிக்கிட்டு உள்ள போயிட்டேன்.

எனக்காக வந்த கூட்டம் அப்படியே கார் ஏறிப் பண்டமாரானுக்குப் போனதை நீங்களும் பார்த்தீர்கள். முத்து பீவியின் மகன் ஹைதர் நாலு பேரோடு காத்துக்கொண்டிருந்தான். கார் வரிசையைப் பார்த்து, "அம்மாவுக்கா இவ்வளவு பேரு?" என்று கேட்டு அழுதான். யாரும் அவனுக்கு விவரம் சொல்லவில்லை. சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கம் நீங்கள் தோள் கொடுத்தீர்கள், பின்பக்கம் நான். அப்போதும் பேசிக்கொள்ளவில்லை.

ஆகவே, இனி உங்கள் நிரல் என் மென்பொருளில் இருக்காது. பட்டியல் படிக்கும் பகுதியை நானே புதிதாக எழுதுவேன், இன்ஷா அல்லாஹ். இது என் இறுதி முடிவு. ருமானாவுக்கு என் சலாம், அவள் செருப்பு இங்கே இருக்கிறது. பிள்ளைகளுக்கு என் துஆ. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் குறைந்த பேச்சையும் தருவானாக.

பி.கு.: நேற்றே உன் புது வெர்ஷனைப் போட்டுவிட்டேன். கட்டத்தைக் காலியாக விட்டுச் சோதித்தேன், முத்து பீவி பெயர் சரியாக வந்தது. நான் பயந்தபடியே என் மூன்று வரியும் போய்விட்டது, நீளப் பெயர்கள் மறுபடி வெட்டுப்படுகின்றன. அந்த வரிகளைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சரியென்று பட்டால் உன்னுடையதிலேயே சேர்த்துவிடு. பிறகு நீ எது விட்டாலும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், என்னிடம் தனிப் பிரதி வேண்டியதில்லை. உன் திட்டப் பக்கத்திலேயே போட்டிருப்பேன், ஆனால் அங்கே போட்டால் என் பெயர் தானாக எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா பிரியாணி போடுகிறாள். ஒரே சஹன்தான். பேச வேண்டாம், வந்து சாப்பிட்டால் போதும். பட்டியலில் நான் இன்னும் மௌத்தாகவே இருக்கிறேன். போனவரைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பொத்தான் வைக்க எனக்குத் தோன்றவில்லை, அதையும் வந்து பார். அதுவரை என் கையெழுத்து எங்கும் செல்லாது என்பதால், இதைக் கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.