திரும்பி வரவேண்டிய பெட்டி

சேலத்துக்குப் போன நாற்பது பெட்டிகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அவற்றைக் கட்டிக்கொண்டு வருவதற்காகக் கொடுத்தனுப்பிய கயிறு மட்டும் வந்திருந்தது.

லாரி டிரைவர் கலியபெருமாள் அந்தக் கயிற்றைச் சுருட்டி, புதுச்சேரி வைத்திக்குப்பம் மீன் கொட்டகை வாசலில் காத்துக்கொண்டிருந்த அரிகிருஷ்ணனின் கையில் வைத்தான். அரிகிருஷ்ணன் அதைப் பிரித்துப் பார்த்தான். பிரித்தால் உள்ளே நாற்பதில் ஒன்றாவது இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

"பெட்டி எங்கடா?"

"குடுக்க மாட்டேன்றாங்கண்ணே."

"காலிப் பெட்டிய வச்சிக்கினு என்னா பண்ணப் போறாங்க?"

"அதாண்ணே சொல்ல வந்தேன். அங்க வந்து..."

"என்னாடா அங்க பேச்சு?" என்று உள்ளேயிருந்து முதலாளி பாவாடையின் குரல் வந்தது. "நீ போயி வண்டியக் கழுவு! ஊரே நாறுது!"

கலியபெருமாள் வாயை மூடிக்கொண்டு போனான். பாவாடையிடம் யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்ததாக அந்தக் குப்பத்தில் சரித்திரம் கிடையாது.

அரிகிருஷ்ணன் பஞ்சாலையில் தச்சு வேலை பார்த்தவன். ஆலைக்குப் பூட்டுப் போட்டுப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. முதலியார்பேட்டையில் அவன் தெருவில் பாதிப் பேர் கிடைத்த வேலைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் தினமும் ஆலை வாசல் வரை நடந்துபோய், பூட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்கள். அது ஒருநாளும் அவர்களை ஏமாற்றியதில்லை.

அவனுக்கு வேறொரு வழியும் இருந்தது. பாகூர்ப் பக்கம் கரும்பு வைத்திருக்கும் மச்சான் கண்ணையன், "மாட்டுக் கொட்டாய்ல ஒரு பக்கம் சும்மாதான் மாமா கெடக்குது, வந்துடுங்க" என்று பெரிய மனசோடு அழைத்திருந்தான். அதைக் கேட்ட அன்று அவன் மனைவி வசந்தா சாப்பிடவில்லை. கூடப் பிறந்தவன் வீட்டு மாட்டோடு போய்ப் படுப்பதற்குக் கடலில் இறங்கிவிடலாம் என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பாவாடைக்குப் பெட்டிக் கவலை வந்தது. அவர் வாரா வாரம் சேலத்துக்கு மீன் அனுப்புவார். அங்கிருந்து லாரி ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பும். காலிப் பெட்டிகளுக்கு இடம் இருக்காது. ஒவ்வொரு நடைக்கும் புதுப் பலகை, புது ஆணி. ஐஸுக்குச் செலவழிப்பதையே பாவம் என்று நினைக்கிற மனுஷனுக்கு இது எப்படி இருக்கும்?

அரிகிருஷ்ணன் ஒரு பெட்டி செய்து கொண்டுபோனான். டீத்தூள் வந்த பழைய பெட்டிகளின் பலகை. கீலுக்குப் பதில் சைக்கிள் டியூபு. நான்கு மூலையிலும் நான்கு மர முளைகள். முளையைப் பிடுங்கினால் பெட்டி மடங்கித் தட்டையாகப் படுத்துவிடும். செலவென்று பார்த்தால் ஆணிதான். நாற்பது பெட்டியை மடித்து டிரைவர் தலைக்கு மேலே கட்டிவிடலாம்.

பாவாடை முளையைப் பிடுங்கினார். பெட்டி படுத்தது. நிமிர்த்தினார். மறுபடி படுக்க வைத்தார். மீன் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே பதினொரு தடவை இதைச் செய்தார்.

"அரி, இது ஒழுங்கா திரும்பி வந்துச்சுன்னா உனுக்கு இங்கயே நெரந்தர வேல. வரலன்னா நீயும் வராத."

இப்போது கயிறு வந்திருக்கிறது.

ஆனால் பாவாடை அன்று கோபப்படவில்லை. சேலத்து ஏஜெண்ட் இராமதாஸிடமிருந்து கார்டு வந்திருந்தது. 'சரக்கு அரை மணி நேரத்தில் தீர்ந்தது. அடுத்த நடைக்கு அறுபது பெட்டி அனுப்பவும்.'

"பாத்தியா என் மீன?" என்று பாவாடை மார்பைத் தட்டிக்கொண்டார். "ஐஸ் போடு, ஐஸ் போடுன்னு உயிர எடுத்தானுங்களே. என் மீனுக்கு எதுக்குடா ஐஸு? சரி, உனுக்கு இன்னொரு வாட்டி பாக்கறேன்."

அரிகிருஷ்ணன் யோசித்தான். பெட்டி யாருடையது என்று தெரியாததால்தானே எடுக்கிறார்கள்? அறுபது பெட்டிக்கும் நீல வர்ணம் அடித்து, நான்கு பக்கமும் வெள்ளையில் 'பாவாடை, வைத்திக்குப்பம்' என்று எழுதினான். ஊரான் பெயரை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள யாருக்கும் கூச்சமாக இருக்காதா? பலகை போதவில்லை. வீட்டிலிருந்த கட்டிலை உடைத்தான்.

"கட்டிலு எங்கயா?" என்றாள் வசந்தா.

"சேலம் போயிட்டு வந்துடும்."

வரவில்லை. கயிறு வந்தது. கூடவே கார்டும் வந்தது. 'கால் மணி நேரத்தில் தீர்ந்தது. எண்பது பெட்டி. நீலமே இருக்கட்டும்.'

"நீலமே இருக்கட்டுமாம்! என் பேரப் பாத்து வாங்கறான்டா!" பாவாடை குளிர்ந்துபோனார். பிறகு உடனே சூடானார். "ஆனா பெட்டி எங்க? வியாபாரம் ஏற ஏற எம்மாம் பெட்டி போவுது பாத்தியா? உன்னால எனக்கு நஷ்டம்டா!"

கலியபெருமாள் தலையைச் சொறிந்தான். "முதலாளி, அது வியாபாரம் எப்பிடின்னா, அந்த ஜனங்க..."

"நீ வியாபாரம் பேசறியா? போடா, வண்டியக் கழுவு!"

நல்ல பெட்டியாக இருப்பதுதான் வினை என்று அரிகிருஷ்ணனுக்குப் பட்டது. உபயோகமில்லாத பெட்டியை எவன் வைத்துக்கொள்வான்? எனவே மூன்றாவது நடைக்கு ஒரு சூட்சுமம் செய்தான். நான்கு முளையில் மூன்று பொய். நிஜ முளையை முதலில் செருகாமல் மற்றதைச் செருகினால், பெட்டி செருகியவன் கைமேலேயே மடங்கிக்கொள்ளும். விவரம் தெரிந்த கொட்டகை ஆள்தான் அதை நிமிர்த்த முடியும்.

இந்தத் தடவை அடுப்பங்கரைக் கதவு போனது. வசந்தா ஒன்றும் கேட்கவில்லை. கோணிப்பை ஒன்றைப் பிரித்து நிலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். அவள் கேட்காமலிருந்தது அவனுக்கு வலித்தது.

"இந்த வாட்டி வந்துடும் வசந்தா."

"வரும் வரும். மொதல்ல கண்ணையன் வண்டி வரும், நம்மள ஏத்திக்கினு போவ."

அடுத்த கார்டில் எழுத்து கோணல் மாணலாக இருந்தது. 'வலது கை விரல்கள் வீங்கியிருப்பதால் இடது கையால் எழுதுகிறேன். சரக்கு இறக்கும் முன்பே அடிதடி. முளை வைக்கும் முறையை விவரமாக எழுதவும். அடுத்த நடை நூறு பெட்டி.'

பாவாடை கார்டை மடித்து இடுப்பில் செருகினார்.

"என் மீனுக்கு அடிதடி நடக்குது. ஆனா உன் பெட்டி ஒண்ணு திரும்பல. நூறு பெட்டிக்கிப் பலகைய நானே வாங்கித் தரேன். வர்ற வெள்ளிக்கெழம வண்டில பெட்டி திரும்பி வரணும். வரல, நீ பாகூரப் பாத்து நடையக் கட்டு."

பாகூர் விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அரிகிருஷ்ணன் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான். கெட்ட சேதிக்கு மட்டும் யாரும் பெட்டி செய்து தரவேண்டியதில்லை, அது தானாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வீட்டு வாசலில் வசந்தா அழுதுகொண்டு நின்றாள். கையில் கடுதாசி. நான்கு மூலையிலும் கருப்பு மை தடவியிருந்தது. கிளியனூர்ப் பெரியப்பா இறந்துபோய், பதினாறாம் நாள் கருமாதி என்று எழுதியிருந்தது. தபால்காரர் வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வசந்தா வாசலிலேயே நின்று படித்திருந்தாள். இப்போது அங்கேயே அதை நாலாகக் கிழித்துத் தெருவில் போட்டாள். கருப்பு மூலைக் கடுதாசியை யார் வீட்டுக்குள் கொண்டுபோவார்கள்? கோடி ரூபாய் உள்ளே வைத்து அனுப்பினாலும் வாசற்படி தாண்டாது.

அரிகிருஷ்ணன் தெருவில் கிடந்த துண்டுகளைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. பதினொரு மாதத்தில் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

"என்னாயா சிரிக்கிற? எங்க பெரியப்பன் செத்தது உனுக்கு அவ்ளோ இனிக்குதா?"

"உங்க பெரியப்பாரு நம்மளக் காப்பாத்திட்டாரு வசந்தா!"

"உயிரோட இருந்தப்ப ஒரு மரக்கா நெல்லு குடுக்காத மனுஷன், செத்தா காப்பாத்தப் போறாரு?" என்று சொல்லிவிட்டுத் தலை முழுகப் போனாள். துக்கத்திலும் நியாயத்தை விடமாட்டாள்.

அரிகிருஷ்ணன் கடைத்தெருவுக்கு ஓடி ஒரு டப்பா கருப்பு வர்ணம் வாங்கி வந்தான். நான்கு நாள் சாப்பாடு மறந்து நூறு பெட்டி முடித்தான். ஒவ்வொன்றிலும் எட்டு மூலைக்கும் கருப்பு. மூடியில் ஒரு சங்கு. அதன் கீழே 'கருமாதி' என்று கொட்டை எழுத்து. ஒரு பெட்டியை வீட்டுக்கு எடுத்துவந்து சோதனை வைத்தான். வசந்தா துடைப்பத்தோடு வந்து, அவனையும் பெட்டியையும் சேர்த்துத் தெருவுக்கு விரட்டினாள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

புதன்கிழமை மீன் ஏற்றும்போது கலியபெருமாள் லாரியை விட்டுக் கீழே குதித்துவிட்டான்.

"முதலாளி, இது மீன் வண்டியா, பொண வண்டியா? இத அங்க ஒருத்தன் கையால தொடமாட்டான்!"

"அதுக்குத்தாண்டா!" என்றார் பாவாடை. அரிகிருஷ்ணனின் தோளை முதல் முறையாகத் தட்டினார். "மூளக்காரன்டா நீ."

கலியபெருமாள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் வசந்தாவும் கொட்டகைக்கு வந்தாள். சோறு கொண்டுவந்ததாகச் சொன்னாள். தூக்கில் சோறு இல்லை என்பது அவனுக்குத் தெரியும், வீட்டில் அரிசி இல்லையே. அவளால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கோணிப்பைக் கதவைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காருவது? இருவரும் ரோட்டைப் பார்த்து நின்றார்கள். 'சாமி, ஒரு இருபதாவது வரட்டும்' என்று அவள் உதடு அசைந்தது.

லாரி திரும்பியது. பின்பக்கம் முழுக்கக் கருப்பு மூலைகள் தெரிந்தன.

"வந்துடுச்சு! வசந்தா, வந்துடுச்சு!"

அவன் எண்ணினான். பத்து, முப்பது, எழுபது. நூறு! ஒன்று குறையவில்லை. வசந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவன் மீன்காரிகள் முன்னாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு ஓடிப்போய் முதல் பெட்டியை ஒரு கையால் தூக்கினான்.

தூக்க முடியவில்லை.

பெட்டி மடிந்திருக்கவில்லை. நான்கு முளையும் வைத்த இடத்தில் இருந்தன. அதற்குள் ஈக்கள் வந்து சேர்ந்தன, பின்னாலேயே நாற்றமும் வந்தது. ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் நகர்ந்தார்கள்.

பாவாடை வெளியே வந்தார். கலியபெருமாள் ஒரு கடுதாசியை நீட்டினான். அதன் நான்கு மூலையிலும் கருப்பு மை.

பாவாடை கொட்டகைக்குள் போகாமல் வாசலிலேயே நின்று படித்தார். 'நமக்குள் இருந்த வியாபாரம் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் காலமானது. இனி புதுச்சேரியிலிருந்து ஒரு பெட்டி இந்த மார்க்கெட்டுக்குள் வந்தாலும் லாரியைக் கொளுத்துவதாக ஜனங்கள் சொல்கிறார்கள். இராமதாஸ்.' படித்து முடித்து, நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

"போடா அரி. நாளையிலேர்ந்து வராத."

"முதலாளி! பெட்டி திரும்பி வந்தா வேலன்னு சொன்னீங்களே! நூறும் வந்துடுச்சே!"

வசந்தா காலித் தூக்கை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவள் அழவில்லை. மாட்டுக் கொட்டகையில் எந்தப் பக்கம் மழை ஒழுகும் என்று அவளுக்குத் தெரியும், அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் புரியலடா," என்றார் பாவாடை, யாரிடமும் என்றில்லாமல். "பெட்டி மேல என்னா எழுதியிருந்தா என்னா, உள்ள என் மீன்தான இருந்துச்சு? அரை மணில தீந்த மீனு. கால் மணில தீந்த மீனு. அடிதடி நடந்த மீனு! அதுக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக டிரைவர் பக்கம் திரும்பினார். "நீ அங்கதான இருந்த? நீயாச்சும் சொல்லேண்டா!"

கலியபெருமாள் ஒருமுறை அரிகிருஷ்ணனைப் பார்த்தான்.

"உங்க மீன எவன் முதலாளி தின்னான்? அது விழுப்புரம் தாண்டறதுக்குள்ளயே நாறிடும், சேலத்துல அத அப்பிடியே குழி தோண்டிப் பொதச்சிட்டு, இந்த அண்ணன் செஞ்ச பெட்டியத்தான் சண்ட போட்டுக் காசு குடுத்து வாங்கிக்கினு போனாங்க!"