வில்பட்டை விசாரணைக் கமிட்டி

இரண்டாம் உலக யுத்தத்தை முடித்துவைத்தது அணுகுண்டு என்று சொல்லுகிறவர்கள் விஷயம் தெரியாதவர்கள். முடித்துவைத்தது ஜீப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அப்பேர்ப்பட்ட வண்டி ஒன்று, பர்மாக் காட்டில் குண்டுக்கும் சேற்றுக்கும் தப்பி, 1946-ல் அரியலூரில் எங்கள் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தது. ஆபீஸின் பெயரைச் சொல்ல அடக்கம் இடம்கொடுக்கவில்லை. ஆறே மாதத்தில் அந்த ஜீப்பை முடித்துவைத்தவன் அடியேன். ஜப்பான்காரனால் ஆகாதது ஒரு ஹெட்கிளார்க்கால் ஆயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால் வண்டி பின்பக்கம் உட்கார்ந்திருந்தது. பாரம் தாங்கும் பின்சக்கரத்து வில்பட்டைகளில் இரண்டு ஒடிந்துவிட்டன. அதே நேரம் கீழப்பழுவூரிலிருந்து ஆள் வந்தான். அங்கே வாந்திபேதி கண்டிருக்கிறது, உடனே ஊசி போட வேண்டும் என்றான்.

நர்ஸ் தெரசம்மாள் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியே விட்டாள். ஏலாக்குறிச்சிக்காரி, நடைக்கு அஞ்சாதவள்.

"ஏழெட்டு மைலுதானே சார்? நடந்தே போயிடறேன்."

"சர்க்கார் மருந்து கால்நடையாப் போறதாவது! சர்க்குலர்ல 'வாகனத்தில்'னு போட்டிருக்கும்மா."

"வாகனம் படுத்துடுச்சுங்களே சார்!"

"அதுக்குத்தான் கமிட்டி போடறோம்."

போட்டோம். தலைவர் நான். காரியதரிசி, கணக்கர் கிருஷ்ணமூர்த்தி. சாட்சி, டிரைவர் வைரக்கண்ணு. வில்பட்டை ஏன் ஒடிந்தது என்று மூன்று மணி நேரம் ஆழ்ந்து ஆராய்ந்து, 'சாலையின் ஒத்துழையாமையே காரணம்' என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். செவ்வாய்க்கிழமை, மாற்றுப் பட்டை வேண்டும் என்று தீர்மானம். புதன்கிழமை பெரம்பலூர் லாரி ஷெட்டில் கிடந்த பழைய பட்டைகள் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. மூன்று நாளும் தெரசம்மாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை சிங்காரவேலு ஆசாரி வந்தார். வில்வண்டிகளுக்குப் பட்டை கட்டிப் பழகிய கை. ஜீப்புக்கு அடியில் படுத்துப் பட்டைக் கட்டைக் கழற்றி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பட்டைகளின் இடுக்கிலிருந்து ஒரு கைப்பிடி பொலபொலவென்று கொட்டியது.

"நெல்லுங்க சார்" என்றார் ஆசாரி.

கமிட்டி அங்கேயே அவசரமாகக் கூடியது.

"குருவி" என்றேன். "கூடு கட்டியிருக்கும்."

'குருவி' என்று எழுதிக்கொண்டார் கிருஷ்ணமூர்த்தி.

"பட்டை ஒடியிற அளவுக்கா சார் தூக்கியாந்துது அந்தக் குருவி?" என்றார் ஆசாரி.

வைரக்கண்ணு வானத்தைப் பார்த்தான். ஞாயிறுதோறும் கீழப்பழுவூரில் என் மாமனார் களத்திலிருந்து பத்து மூட்டை ஏற்றிவந்தவன் அவன்தான். நெல்லுக்குக் கண்ட்ரோல் இருந்த காலம்; பெர்மிட் இல்லாமல் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது. ஆனால் ஜீப்பின் நெற்றியில் 'வாந்திபேதி தடுப்பு வண்டி' என்று பலகை இருந்தது. அதைப் பார்த்ததும் சோதனைச் சாவடிச் சேவகர் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிடுவார். முன்சீட்டில் உட்கார்ந்து வந்த குருவி நான்.

பட்டைகளை அடுக்கிக் கோத்த ஆசாரி, "நட்டை முடுக்கறப்ப வண்டியில பாரம் இருக்கணும், ஏறி உக்காருங்க" என்றார். கமிட்டி முழுவதும் ஏறி உட்கார்ந்தது. இருபது வருஷ உத்தியோகத்தில் நான் உபயோகப்பட்டது அந்த அரைமணி நேரம்தான்.

மத்தியானம் தெரசம்மாளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கம்பீரமாகக் கீழப்பழுவூர் போய் இறங்கினோம். மாமனார் களத்தில் நெல் தூற்றும் பஞ்சவர்ணம் தலைவிரிகோலமாக எதிரே வந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் நின்றாள்.

"இன்னிக்கு வந்துட்டீங்களே சாமி! மூட்டை ஏத்த ஆளு இல்லீங்களே. எங்க வூட்டுக்காரரு நேத்து போயிட்டாருங்க. அவரு தம்பி இன்னிக்கு வெடியக்காலம்..."

தெரசம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்து முதல் ஊசியைப் போட்டாள். செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது. இருந்தாலும் செத்தது நானல்லவே. திரும்பவும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வழிநெடுக வண்டி துளிக்கூடக் குலுங்கவில்லை. ஆசாரியின் வேலை அவ்வளவு சுத்தம்.

ஆபீஸுக்கு வந்ததும் வாகனப் பழுது அறிக்கையைப் பூர்த்தி செய்தேன். கடைசிக் கட்டத்தில் 'உயிர்ச்சேதம் உண்டா?' என்று கேட்டிருந்தது.

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.