பிளாஸ்திரி அண்ணனின் முதுகு

குமரி மாவட்டத்தில் எந்த ரசாயனத்துக்கும் பயப்படாத தோல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் பிளாஸ்திரி அண்ணனின் தோல்.

அருமனைப் பக்கம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. ரப்பர் மரத்துக்கு அடிக்கிற மருந்து, ரப்பர் பாலில் கலக்கிற திரவம் எல்லாம் விற்பனைக்குப் போகுமுன் எங்களிடம் வரும். முயலின் முதுகை மழித்து, மருந்தைத் தடவி, துணி சுற்றி, இருபத்துநாலு மணி நேரம் விட்டுவைப்போம். பிறகு கழுவிவிட்டு இரண்டு வாரம் கவனிக்க வேண்டும். தாக்குப்பிடித்த முயலையும் கடைசியில் கொன்று அறுத்துப் பார்ப்பதுதான் முறை. அந்த முயல்களுக்குத் தீனி போடுகிறவர் அண்ணன்.

அவருக்கு ஒரு கிறுக்கு. எந்த மருந்து வந்தாலும் முதல் சொட்டு அவர் கையில்தான் விழும். மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, மறுநாள் பிரித்துப் பார்த்து எனக்கு முடிவு சொல்வார். எறும்புக்கடி அளவு எரிச்சல் என்றால் பாஸ். குளவிக்கடி என்றால் முகம் தொங்கிவிடும், முயல்களுக்கு அன்று கூடுதல் கேரட். இன்னொரு தடவை செய்தால் வேலை கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அண்ணனிடம் ஒரே பதில்தான்.

"என் மேல படாதது அதுக மேல படக் கூடாது, கேட்டியளா சாரே."

ஒருநாள் கறுப்பாக ஒரு திரவம் வந்தது. ஐந்து முயல்களை ஒதுக்கினோம். அளவு எவ்வளவு என்று அண்ணன் கேட்டார். உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு கிராம் என்றேன், வெள்ளந்தியாக. அவர் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, பாவி.

மறுநாள் ஆளைக் காணோம். போனை அவர் மனைவி எடுத்தார்.

"சாரே, தைலம்னு சொல்லி என்னையத்தான் தேய்க்க வச்சாரு. நேத்துல இருந்து கவுந்து கெடக்காரு. கழுவவும் விட மாட்டேங்காரு."

பைக்கில் பறந்தேன். அண்ணன் கட்டிலில் குப்புறக் கிடந்தார். எழுபத்திரண்டு கிலோவுக்கு நூற்று நாற்பத்துநாலு கிராம், ஒரு கிராம் குறையாமல் கொண்டுவந்திருக்கிறார். முதுகு மழித்து, துணி சுற்றி, எல்லாம் முறைப்படி. மனைவிக்கு மட்டும் மறக்காமல் கையுறை கொடுத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைக் காட்டினார்.

"இன்னும் ஏழு மணிக்கூர் இருக்குல்லா சாரே?"

வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே துணியைப் பிரித்தேன். முதுகு முழுக்கக் கொப்புளம். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆள் போய்விடுவார் என்றே பயந்தேன். உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். மனிதத் தோலைப் புண்ணாக்கும் என்று தெரிந்துவிட்ட மருந்தை விலங்கின் மேல் சோதிக்க வேண்டியதில்லை என்பது விதி. சோதனை ரத்தானது. ஐந்து முயலும் தப்பின. அண்ணனின் வேலைதான் தப்பவில்லை. இப்போது பூதப்பாண்டிப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் இருக்கிறார். புண்ணாக்கை முதலில் அவர்தான் கடித்துப் பார்க்கிறாராம்.

வேலை போன செய்தியைச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனது நான்தான். முயலுக்கு என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டார். எல்லாம் பிழைத்துவிட்டன என்றேன். "அப்போ செரி" என்று சிரித்தார்.

வயதில் மூத்தவர் என்பதால் அன்று இரண்டு சாத்து சாத்தாமல் விட்டேன். முதுகெல்லாம் புண் என்பதால் கட்டிப்பிடிக்கவும் முடியவில்லை.